அச்சில் விழாத சந்து

அம்மையார்குப்பத்தின் மேட்டுத் தெருவில் வீடு பாகம் பிரிப்பதென்றால், பத்திர ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் அம்மன் கோயில் மண்டபத்துக்குத்தான் போவார்கள். கோலமாவால் வீட்டைத் தரையில் வரைந்து, இன்னாருக்கு இது என்று கோடு கிழித்து, பங்காளிகளை ஒவ்வொருவராக அதற்குள் நடக்கச் சொல்வார்கள். தன் பாகத்திலிருந்து கிளம்பி, அடுத்தவன் கோட்டை மிதிக்காமல் தெருவரைக்கும் வந்துவிட்டால் பாகம் சரி. பிறகு கற்பூரம். கற்பூரம் ஏற்றிய பிறகு வாய் திறக்கிறவனை அந்தத் தெருவில் யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். பத்திரம் எழுதுவதெல்லாம் அப்புறம் சாவகாசமாக நடக்கும்.

ஒழுங்காக நடந்துகொண்டிருந்த இந்த வழக்கத்தில் பிளக்ஸ் பேனரைக் கொண்டுவந்து நுழைத்தவன் தணிகைமணி. அந்த வருஷங்களில் சுற்றுவட்டாரத்தையே பிளக்ஸ் பைத்தியம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. காதுகுத்துக்குப் பிளக்ஸ், பெண் வயசுக்கு வந்தால் பிளக்ஸ். நேற்றுச் செத்த கிழவர் இன்று காலையில் மூங்கில் சட்டத்தில் பத்தடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நிற்பார். தணிகைமணிக்கு எதிலும் தெருவுக்கு முதலாளாக இருக்க வேண்டும். பவர்லூம் முதலில் போட்டவன் அவன், மாடியில் டிஷ் வைத்தவன் அவன். தன் வீட்டிலேயே அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிக்கும் பேச்சு வந்ததும், மூத்தவனான அவன் சொன்னான்.

"மாவுல கோடு போட்டா காத்து அடிச்சா போச்சி, நாய் வந்து படுத்தா போச்சி. பின்னால நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. நம்ப வூட்லயே கம்ப்யூட்டர் படிச்சவன் ஒருத்தன் கீறான். அவன் பிளான் போட்டு பேனரா அடிச்சி கட்னா ஊரே பாக்கும்."

கம்ப்யூட்டர் படிச்சவன் என்றது கடைசித் தம்பி பரந்தாமனை. திருத்தணியில் அரக்கோணம் ரோட்டோரம் ஒரு மாடியில் ஆபீஸ் வைத்து, இன்ஜினியர்களுக்கு ஆட்டோகேட்டில் வீட்டு பிளான் வரைந்து கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான். அவனைப் படிக்க வைத்தவன் நடு அண்ணன் கஜபதி. ராத்திரி ஷிப்டும் சேர்த்துத் தறி ஓட்டி, தம்பியை டிராஃப்ட்ஸ்மேன் படிப்புக்கு அனுப்பினான். அந்தக் கஜபதி போன வருஷம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். தெருப்பக்கம் தணிகைமணிக்கு, நடுப்பாகம் பரந்தாமனுக்கு, பின்பாகம் கஜபதியின் மனைவி அம்சாவுக்கு என்று பேச்சு. பின்பாகத்தில் கஜபதி தன் கையாலேயே கட்டிய கொட்டகையும் அதற்குள் இரண்டு பவர்லூமும் இருந்தன. அந்த இரண்டை ஓட்டித்தான் அம்சா, பள்ளிக்கூடம் போகிற மகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். பின்பாகத்துக்கு வேறு வாசல் கிடையாது. பின்னால் கிணறு, கிணற்றுக்கு அப்பால் அடுத்தவர் மதில். அதனால் தெற்குச் சுவரை ஒட்டி முன்பாகத்திலும் நடுப்பாகத்திலும் நாலடிக்குச் சந்து விட்டு, அது அம்சாவுக்கு வழி என்று தெருப் பெரியவர் தங்கவேல் வீட்டில் வைத்துப் பேசி முடித்திருந்தார்கள். தணிகைமணியும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒத்துக்கொண்டான்.

பரந்தாமன் அளவெடுக்கப் போனது வைகாசி வெயிலில். கரண்ட் போய், தெருவில் ஒரு தறிச் சத்தம்கூட இல்லாமல் இருந்த மத்தியானம். டேப்பின் ஒரு முனையை அவன் பிடிக்க, மறுமுனையை அம்சாதான் பிடித்தாள். ஒவ்வொரு சுவரிலும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவன் எழுதி முடிக்கிறவரைக்கும் அசையாமல் நின்றாள்.

"தம்பி, சந்து ஆரம்பிக்கற எடத்துல திரும்பறதுக்கு எடம் பத்துமா? பாவு நூல் சுத்துன பீம் உருளைய ரெண்டு பேர் தோள்ல வெச்சிகினு வரணும். செவுத்துல இடிச்சா நூல் பூரா போயிடும்."

"பத்தும் அண்ணி. நானே எத்தினிவாட்டி தூக்கியாந்துகிறேன், எனுக்குத் தெரியாதா?"

"அது இல்ல. உங்கண்ணன் இருந்தா நான் இத்தெல்லாம் கேட்டுகினு இருப்பனா? சந்து மட்டும் இல்லேன்னு வெச்சிக்க, பீம் உள்ள வராது, தறி நிக்கும். நானும் பாப்பாவும் கெணத்தப் பாத்துகினு குந்திக்க வேண்டியதுதான்."

"பெரியவங்க முன்ன பேசனது அண்ணி. யாரு மாத்தப்போறாங்க?"

"ஆங், நீ வரையற இல்ல, எனுக்கு இன்னா பயம்" என்றாள். உள்ளே போய்க் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். கொட்டகைக்குள் அனலாக இருந்தது. அவன் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் அம்சா விசிறிக்கொண்டே இருந்தாள். குழம்பு நன்றாக இருந்ததால் பரந்தாமன் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டான்.

திரும்பும்போது தணிகைமணி பைக்கில் கே.ஜி.கண்டிகைவரை கொண்டுவந்து விட்டான். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வேர்க்கடலைச் சட்னியில் போண்டாவைப் பிட்டுத் தோய்த்தபடி அவன் பேச்சை ஆரம்பித்தான்.

"ஏன்டா, உன் பாகத்த நீ இன்னா பண்ணப்போற?"

"உனுக்குத்தானே குடுக்கறன்னு சொன்னேன் நைனா கருமாதி அப்பவே. நீ வாங்கிகினா நான் திருத்தணில மனை வாங்கிடுவேன். ஹேமா தெனமும் அதையே சொல்லிகினு கீறா."

"நான் வாங்கலாம்னுதான் இருந்தேன். சந்து வேணான்னு நான் சொல்லல. பெரியவங்க முன்ன ஒத்துகினேன், ஒத்துகினது ஒத்துகினதுதான். ஆனா சந்து வுட்டா நடுவுல மிச்சம் இன்னா நிக்கும் சொல்லு. தறியக் குறுக்கால போட்டா சுத்தி வரமுடியாது. நீட்டா போட்டா மூணு போடற எடத்துல ஒண்ணுதான் நிக்கும். ஒரு தறிக்கு நான் இன்னாத்துக்கு வாங்கணும்?"

"அப்ப வாங்கமாட்டியா?"

"செவுத்துக்கு செவுரு இருந்தா இன்னிக்கே வாங்கறேன். அவ்ளோதான் நான் சொல்றது." அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "நான் ஒண்ணும் உன்ன மாத்தி வரைய சொல்லல. நாளைக்கு என்மேல பழி போடாத."

பரந்தாமன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும், அது அவனிடம் கிடையாது. பேசியபடியேதான் பிளானை வரைந்தான். தணிகைமணி பாகத்துக்குப் பச்சை, தன் பாகத்துக்கு மஞ்சள், அண்ணி பாகத்துக்கு ரோஸ் என்று சுவருக்குச் சுவர் வண்ணம் நிரப்பினான். அளவுகளைப் போட்டான். கடைசியாக அந்த வண்ணங்களுக்கு மேலே தெற்கு ஓரமாகச் சந்தை வெள்ளைப் பட்டையாக வரைந்து 'நாலடி பொது வழி' என்று எழுதினான். கறுப்புத் திரையில் அது பளீரென்று தெரிந்தது. மனசாட்சிக்கு விரோதமில்லாமல் வேலையை முடித்த பெருமையோடு அன்றைக்கு வீட்டுக்குப் போனான்.

அம்சா ஒருநாள் பஸ் பிடித்து வந்து பார்த்தாள். வரும்போது அவித்த வேர்க்கடலையை ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மாடிப்படி ஏறிய மூச்சு வாங்கல் அடங்கும் முன்னாலேயே திரையைப் பார்த்தாள்.

"இதுல எது தம்பி நம்ப கொட்டாய்?"

"இந்த ரோஸ் கலர்."

"சந்து?"

"தோ பாருங்க, வெள்ளையா போவுதே."

அவள் தயங்கி, "தொடலாமா?" என்று கேட்டுவிட்டு, ரோஸ் நிறத்தில் விரலை வைத்து, வெள்ளைப் பட்டை வழியாக மெதுவாக இழுத்துக்கொண்டு தெருவரைக்கும் வந்தாள். விரலுக்கடியில் திரை சடசடவென்று பொரிந்தது. மண்டபத்தில் மாவுக்கோட்டில் நடக்கிற நடையை அவள் அங்கேயே நடந்து முடித்துவிட்டாள். முகத்தில் அத்தனை நிம்மதி.

"பெரிய பாவா, அதான் உங்க பெரியண்ணன், ஏதாவது பண்ணிடுவாரோன்னு ராத்திரி தூக்கமே இல்ல. இப்ப மனசு ஆறிடுச்சி. கடலைய ஹேமாகிட்ட குடு, உப்பு கொஞ்சம் தூக்கலா பூட்டுது."

வரைகிறதில் இருந்த திறமை, அதைப் பேனருக்குப் படமாக எடுப்பதில் பரந்தாமனுக்கு வரவில்லை. அதுவரை அவன் செய்ததெல்லாம் தாளில் பிரிண்ட் போடுகிற வேலை. பதினைந்துக்கு எட்டு அடியில் பேனர் என்பது புதுசு. படமாகச் சேமிக்கும் கட்டளையைக் கொடுத்து, வந்ததைச் சி.டி.யில் ஏற்றிக்கொண்டு அரக்கோணத்துக்கு ரயிலேறினான். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பிளக்ஸ் மிஷின் வைத்திருந்த சாமிநாதன் அதைத் திறந்து, பேனர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினார்.

"இன்னா பரந்தாமா இது. கோடெல்லாம் படிக்கட்டு மாதிரி நிக்குது. எழுத்து ஊறவெச்ச அப்பளம் மாதிரி கீது. இத்த அடிச்சா உங்க ஊர்ல என்னத்தான் திட்டுவாங்க."

"ஆட்டோகேட்டுல சுத்தமா இருந்துதே."

"அங்க சுத்தமாதான் இருக்கும். நீ ஸ்க்ரீன்ல தெரியறத அப்டியே போட்டோ புடிச்சாந்துகிற. ஸ்க்ரீன் எத்தினி பெருசு? அத்த வாசக்கதவு அளவுக்கு இழுத்தா இப்டிதான் வரும். பிரிண்ட் போடற கட்டளை கீது பாரு, அதுல பிரிண்டருக்குப் பதிலா படமா கேளு. சைஸு நல்லா பெருசா போடு. கோட்ட தடியா வெய்யி. மொத்தமா கறுப்பு பின்னணி வேணாம், வெள்ளை வெச்சிக்க."

அவர் சொன்னபடியே செய்யப் பரந்தாமன் படாதபாடு பட்டான். அளவைக் கூட்டினால் கம்ப்யூட்டர் உறைந்துபோகும். உறைந்ததை எழுப்பினால் கரண்ட் போகும். யு.பி.எஸ். கத்திக் கத்தி அணையும். சன்னலுக்கு வெளியே மலைக்குப் போகிற வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, கோட்டின் தடிமனை மாற்றி, அளவைக் கொஞ்சம் குறைத்து, மறுபடியும் கூட்டி, ஒருவழியாகப் பெரிய ஃபைலாக எடுத்துவிட்டான். சி.டி.யில் ஏறிவிட்டது என்று தெரிந்ததும் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்தால் மறுபடியும் உறைந்துவிடுமோ என்று பயம். மறுநாள் வெள்ளிக்கிழமை கோயிலில் பேனர் கட்ட வேண்டும்.

சாமிநாதனின் மிஷினில் பேனர் வந்துகொண்டிருந்தது. மையின் நெடி மூக்கை அடைத்தது. அச்சுத்தலை இடமும் வலமுமாக ஓடி ஓடி, ஒவ்வொரு பட்டையாக வீட்டை இழைத்துக்கொண்டு வந்தது. கோடுகள் கத்தியால் கீறினாற்போலச் சுத்தம். பச்சை, மஞ்சள், ரோஸ். எழுத்தை எதிர்ச்சுவரிலிருந்து படிக்கலாம். பரந்தாமனுக்குப் பூரிப்பாக இருந்தது. தெற்கு ஓரம் கடைசியாக வந்தது. வந்து முடிந்தது. மஞ்சள் சுவருக்குச் சுவர் நிறைந்து நின்றது. பச்சையும் அப்படியே. சந்து இல்லை.

"மொதல்ல குடுத்ததுல கீழ வெள்ளையா ஒரு பட்டை இருந்துதே?" என்றார் சாமிநாதன்.

பரந்தாமனுக்கு அந்த நொடியிலேயே காரணம் புரிந்துவிட்டது. ஆட்டோகேட்டில் வரைவதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்களில் வரைகிற மாதிரி. ஒவ்வொரு தாளுக்கும் லேயர் என்று பெயர். அளவு குறிக்கும்போது அது தானாகவே ஒரு லேயரை உண்டாக்கிக்கொள்ளும். அதில் எதை வரைந்தாலும் திரையில் தெரியும், அச்சில் விழாது. அளவு போட்ட கையோடு, லேயரை மாற்ற மறந்து, சந்தை அவன் அந்தத் தாளிலேயே வரைந்துவிட்டான். முதலில் கொண்டுவந்த மங்கல் படம் திரையைப் பார்த்து எடுத்தது, அதில் சந்து இருந்தது. இப்போது வந்திருக்கிற சுத்தமான படம் அச்சுக்கென்று எடுத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தப்புக்காக ஓர் இன்ஜினியரிடம் அவன் திட்டு வாங்கியிருக்கிறான். சரிசெய்வது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. திரும்பிப் போய் சந்தை வேறு லேயருக்கு மாற்றி, மறுபடி எடுத்து, அடுத்த வண்டியில் வந்தால் சாயங்காலத்துக்குள் வேறு பேனர் அடித்துவிடலாம். அவ்வளவுகூட வேண்டாம், ஒரு வெள்ளை ஸ்டிக்கரை நீளமாக ஒட்டினாலும் போதும்.

சாமிநாதன் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். பரந்தாமன் மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவருக்குச் சுவர் இருந்தால் இன்றைக்கே வாங்குகிறேன் என்று அண்ணன் சொன்னது காதில் கேட்டது.

"அது வேணாம்னு எடுத்துட்டேங்க" என்றான். "சுருட்டிடுங்க."

வீட்டில் ஹேமாவதியிடம் மட்டும் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரை வடித்து ஊற்றினாள். பிறகு கேட்டாள்.

"நீங்க வேணும்னு பண்ணீங்களா?"

"இல்ல. தானா வுட்டுப்போச்சி."

"அப்ப விடுங்க. நீங்க ஒண்ணும் பண்ணல, தானா வந்துது. மலைமேல கீறவரு பாத்துக் குடுக்கறத வேணான்னு சொல்லுவாங்களா? அக்காவுக்கு இன்னா, முன்னால ஒரே வூடுதானே, உள்ள பூந்து போய்க்கட்டும். யாரு தடுக்கப்போறா?"

பழியைத் தூக்கி முருகன் தலையில் வைத்தாயிற்று. பரந்தாமன் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் மண்டபத்தின் இரண்டு தூண்களுக்கு நடுவே பேனரைக் கட்டினார்கள். தெருவே திரண்டு வந்து வாயைப் பிளந்தது. அவனவன் தன் வீட்டையும் இப்படி வரைந்து பார்க்க ஆசைப்பட்டான். தணிகைமணி மட்டும் பேனர் முன்னால் நெடுநேரம் நின்றான். மேலிருந்து கீழே பார்த்தான். தெற்கு ஓரத்தில் அவன் கண் நின்றது. திரும்பித் தம்பியைப் பார்த்தான். பரந்தாமன் மண்டபத்துக்கு வெளியே கிடந்த செருப்புகளைப் பார்த்தான்.

"நல்லா வந்துகிது" என்றான் தணிகைமணி. அவன் தம்பியின் முதுகில் தட்டியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

தங்கவேல் மாவுக்கிண்ணத்தைத் தேடினார். "இன்னாப்பா, மாவு யாரும் கொண்டாரலியா? நடக்க வேணாமா?"

"பேனர் மேல எப்டி மாமா நடக்கறது? கிழிஞ்சிடும். எல்லாம்தான் கண்ணுக்கு நேரா கீதே. கண்ணாலயே நடந்துக்க வேண்டியதுதான்" என்றான் தணிகைமணி. எல்லாரும் சிரித்தார்கள். தங்கவேலுக்கும் முட்டிவலி. அதோடு விட்டுவிட்டார்.

புருஷனை இழந்தவள் கற்பூரத்துக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்பதால் அம்சா மண்டபத்துக்கு வெளியே பெண்களோடு நின்றாள். அங்கிருந்து பேனர் பக்கவாட்டில்தான் தெரியும். தணிகைமணி சம்மதம் சொன்னான், பரந்தாமன் சொன்னான். தங்கவேல் குரல் கொடுத்தார்.

"அம்சா, உனுக்கு சம்மதமாம்மா? பாத்துட்டியா?"

"தம்பி முன்னயே ஆபீசுல காட்டிட்டாருங்க. சம்மதம்."

கற்பூரம் ஏற்றினார்கள். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கற்பூரம் அணைந்த பிறகு அவரவர் தன் பாகத்தில் சந்தனப் பொட்டு வைக்க வேண்டும். கடைசியாக அம்சாவைக் கூப்பிட்டார்கள். அவள் ரோஸ் நிறத்தில் பொட்டு வைத்தாள். விரல் தானாகத் தெற்கு ஓரத்துக்குப் போனது. அங்கிருந்து நகர வழியில்லாமல் நின்றது.

"தம்பி, சந்து எங்க?"

பரந்தாமன் பேனர் கட்டிய கயிற்றை இழுத்துச் சரிசெய்தான்.

"இங்கதானே தம்பி வெள்ளையா இருந்துது. நான் வெரல வெச்சி பாத்தனே. நீதானே காட்ன."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தங்கவேல் கிட்டத்தில் வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேனரைப் பார்த்தார்.

"ஆமா, சந்து பேசனோமே. ஏன்டா மணி?"

"பேசனோம், இல்லன்னு நான் சொல்லல" என்றான் தணிகைமணி. "அப்பறம் அவளே வேணாம்னு, வூட்டு வழியா போய்க்கறேன்னு ஒத்துகினா போலக்கீதுன்னு நெனச்சேன். அவதான் ஆபீசுக்கே போய் பாத்துட்டு வந்துகிறா. இப்ப கற்பூரம் ஏத்தறதுக்கு முன்ன அவ வாயாலயே சம்மதம்னு சொன்னாளா இல்லியா? நீங்கதானே கேட்டீங்க?"

"நான் பாக்கும்போது சந்து இருந்துது பாவா."

"கம்ப்யூட்டர்ல கீறதுதானேம்மா பேனர்ல வரும்? அதுல இருந்தா இதுல எப்டி இல்லாத போவும்? மாவுன்னா கூட யாரோ அழிச்சாங்கன்னு சொல்லலாம். மிஷின் பொய் சொல்லுமா?"

கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது. மிஷின் எதற்குப் பொய் சொல்லப்போகிறது. தங்கவேல் பரந்தாமன் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுப்பா. வரைஞ்சவன் நீ. அந்தம்மாவுக்குக் காட்டும்போது அதுல சந்து இருந்துதா?"

அம்சா அவனையே பார்த்தாள். பயந்த பார்வை இல்லை. அவன் சொல்லிவிடுவான் என்று நம்பி, பதிலுக்குக் காத்திருக்கிற பார்வை. அந்தப் பார்வையைக் கண்டாவது அவன் நாக்கில் உண்மை வந்திருக்கலாம்.

"இல்லீங்க" என்றான் பரந்தாமன். "அளவுக்கோடு ஏதாவது அண்ணிக்கு அப்டி தெரிஞ்சிருக்கும்."

கோயிலில் நின்று பொய் சொன்னவள் என்ற பெயர் அன்றைக்கே அம்சாவுக்கு வந்துவிட்டது. பத்திரம் பேனர்படி எழுதப்பட்டது. நடுப்பாகத்தைத் தணிகைமணி சொன்னபடி வாங்கிக்கொண்டான். சுவருக்குச் சுவர் தறி போட்டான். அம்சாவுக்கு வழி அவன் வீட்டு நடையிலும் அந்தத் தறிகளின் இடுக்கிலும். அவன் மனைவி ஜெயம்மா அதற்கு ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. கதவு மட்டும் எப்போதும் தாழ் போட்டிருக்கும். தட்டினால், விளக்கு ஏத்தற நேரம் என்பாள், படுத்துகினு இருந்தேன் கேக்கல என்பாள். அம்சாவின் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கதவு திறக்கிறவரைக்கும் தெருவில் பையோடு நிற்பாள். ஒரு நாள் பாவு சுற்றிய பீம் தெருவிலேயே மழையில் நனைந்துபோனது. கொண்டுவந்த ஆட்கள் இன்னொரு தரம் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தறி நின்றது. ஆடி பிறந்தபோது கொட்டகையைப் பாவாவுக்கே கொடுத்துவிடுவதாக அம்சா ஒத்துக்கொண்டாள். கஜபதி போட்ட அதே தறிகளில், அவள் கூலிக்கு ஓட்டலாம் என்று தணிகைமணி பெரிய மனசு பண்ணிச் சொன்னான்.

ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் ஒரு நாள் அவள் பரந்தாமனின் ஆபீசுக்கு வந்தாள். கீழே ரோட்டில் காவடிக்காரர்கள் அரோகரா போட்டுக்கொண்டு போனார்கள். படியில் அவள் தலை தெரிந்ததுமே பரந்தாமன் மானிட்டர் பக்கம் திரும்பி, அந்த பிளானைத் திறந்து, சந்து இருந்த அந்த ஒரு லேயரை மட்டும் அணைத்து வைத்தான். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தான்.

அவள் சண்டை போடவில்லை. நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"தம்பி, கோச்சிக்காத. அன்னிக்கு காட்ன இல்ல, அத்த இன்னொருவாட்டி காட்டு. பாத்துட்டு போயிடறேன்."

"எதுக்கு அண்ணி, முடிஞ்சி போனத?"

"முடிஞ்சிதான் போச்சி. எனுக்கு வழி வேணாம், ஒண்ணும் வேணாம். தெருவுல எல்லாம் பொய்க்காரின்னு சொல்லிகினு கீறாங்க. நான் பாத்தது நெசமா இல்லியான்னு எனுக்குத் தெரிஞ்சா போதும். தூங்க முடியல."

அவன் திரையைத் திருப்பினான். பச்சை, மஞ்சள், ரோஸ். கறுப்பில் பளிச்சென்று தெரிந்தன. அம்சா குனிந்து பார்த்தாள். ரோஸில் விரலை வைத்தாள். தெற்கு ஓரத்தில் தடவினாள். மறுபடியும் தடவினாள்.

"இதே தானா தம்பி? வேற இல்லியே?"

"இதேதான்."

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப என் கண்ணுதான் பூட்டுது. உன்ன எத்தினி நாளு மனசுக்குள்ள திட்டனேன் தெரியுமா? உங்கண்ணன் போட்டோ முன்ன நின்னு உன்ன சபிச்சேன் தம்பி. தப்பு என்மேல. மன்னிச்சிக்க." சொல்லிவிட்டு, வயசில் சின்னவனான அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வுடுங்க அண்ணி" என்றான் பரந்தாமன். அவன் குரலில் நிம்மதிதான் இருந்தது.

கிருத்திகைக் கூட்டத்துக்காகத் திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். அவளை அங்கே கூட்டிப்போனதும் பரந்தாமனேதான். அண்ணியைத் தம்பி கைவிடவில்லை என்று நாலு பேர் பார்க்கட்டும் என்று ஹேமாவதி சொல்லியிருந்தாள். வரிசை வெளியே பந்தல்வரைக்கும் நின்றது. மொட்டையடித்த தலைகள், சந்தன வாசனை, குழந்தைகள் அழுகை. பரந்தாமன் அம்சாவுக்கு மோர் வாங்கிக் கொடுத்தான். அவள் பையை அவனே வைத்துக்கொண்டான்.

டாக்டர் சின்னப் பெண். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். தூரத்து எழுத்தைப் படிக்கச் சொன்னாள், அம்சா கடைசி வரிவரைக்கும் படித்தாள். கிட்டத்தில் ஊசியும் நூலும் கொடுத்தார்கள். நெசவுக்காரிக்கு அது ஒரு வேலையா, பார்க்காத மாதிரியே கோத்துவிட்டாள்.

"உங்களுக்குக் கண்ணு ரொம்ப நல்லா இருக்கும்மா. கண்ணாடி, மருந்து எதுவும் வேணாம். அடுத்த ஆளு வாங்க."

அம்சா எழுந்திருக்கவில்லை. பின்னால் நின்ற கிழவி தோளில் கை வைத்துத் தள்ளினாள். அப்போதும் எழுந்திருக்கவில்லை. பரந்தாமன் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

"இன்னொருவாட்டி நல்லா பாத்து சொல்லுங்கம்மா" என்று அவள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனுக்கு இல்லாததெல்லாம் தெரியுது."